ஐப்பசி ஈரமும் மல்லாட்டை உருண்டையும்: பணியிடத் தோழர்களுக்குப் பாட்டிலும் தாளும் கொண்டு இனிப்புப் பரிசு செய்தல்

பணியிடத்தில் உடன் உழைப்போருக்கு இனிப்புத் தரும் வழக்கம் தமிழ்நாட்டில் ஆண்டின் இரண்டு நாள்களைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. ஆயுதபூஜையன்று அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் பொரியும் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் மேலாளர் முதல் காவலாளி வரை எல்லோர் கைக்கும் ஒரே அளவில் வருகிறது. தீபாவளியை ஒட்டி, வீட்டில் செய்த பலகாரம் டப்பாக்களில் ஏறி அடுத்த மேசைக்குப் பயணம் செய்கிறது. இவ்விரண்டோடு அண்மைக்காலமாக மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துள்ளது. அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவாகிய அக்டோபர் 31-ஐ ஹாலோவீன் என்ற பெயரில் கொண்டாடும் மேலை நாட்டு வழக்கத்தை, வெளிநாடுகளில் வேலை செய்யும் தமிழர்களும், அந்நாட்டு நிறுவனங்களுக்காகச் சென்னையில் உழைப்போரும் தம் அலுவலகங்களில் நேரில் காண்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹாலோவீனும் அதே அக்டோபர் 31-இல் வந்தபோது, ஒரே பாட்டில் இனிப்பை இரண்டு பண்டிகைக்கும் பொதுவாகத் தரும் வாய்ப்பும் அமைந்தது.

இவ்வியல் சீயமங்கலத்தையும் அதைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, தேசூரை அடுத்து, திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி வட்டத்தில் அமைந்த இச்சிற்றூர், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சிவன் கோயிலால் அறியப்படுவது. இங்கிருந்து வேலைக்குச் செல்வோரில் பள்ளி ஆசிரியர்கள், வருவாய்த்துறை ஊழியர்கள், ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்கள் எனப் பலவகையினர் உள்ளனர். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறும் பெண்கள் இவ்வட்டாரத்தின் ஊர்கள்தோறும் உள்ளனர். இவர்கள் கையில் இனிப்புக்கு வேண்டிய மல்லாட்டையும் (நிலக்கடலை) வெல்லமும் உண்டு. கட்டுவதற்குக் கோரையும் உண்டு. எதிரில் நிற்பது ஐப்பசியின் ஈரக்காற்று ஒன்றே. எந்த இனிப்பு, எப்படிப்பட்ட பாட்டில், எந்தத் தாள் என்ற மூன்று வினாக்களுக்கும் விடையைத் தீர்மானிப்பது அந்த ஈரமே என்பதால், அதைப் பற்றிய விளக்கத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது.

ஈரம் செய்யும் வேலை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. தீபாவளி இப்பருவத்தின் தொடக்கத்தில் வருவதால், அந்நாளில் செய்யப்படும் எந்த இனிப்பும் ஈரம் நிறைந்த காற்றிலேயே ஆறவும் இருக்கவும் வேண்டியுள்ளது. சர்க்கரைப் பொருள்கள் காற்றிலுள்ள நீராவியைத் தம்பால் இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. இதை ஈரமுறிஞ்சும் தன்மை என்பர். வெள்ளைச் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற ஒரே பொருளால் ஆனது. வெல்லமோ சுக்ரோசுடன், அது உடைவதால் உண்டாகும் குளுக்கோசையும் ஃப்ரக்டோசையும் கணிசமான பங்கில் கொண்டது. இவற்றுள் ஃப்ரக்டோஸ் ஈரத்தை மிக விரைவாக உறிஞ்சுவது. மழைக்காலத்தில் சர்க்கரை மிட்டாய் தாக்குப்பிடிக்கும் இடத்தில் வெல்ல மிட்டாய் பிசுபிசுத்துப் போவதற்குக் காரணம் இதுவே; செய்தவரின் கைப்பக்குவத்தைக் குறைகூற இதில் இடமில்லை.

ஆனால் வெல்லத்தைக் கைவிட வேண்டியதில்லை. பாகு எவ்வளவு முற்றக் காய்ச்சப்படுகிறதோ அவ்வளவுக்கு அதில் எஞ்சும் நீர் குறைகிறது. எஞ்சும் நீர் குறைந்த பாகு ஆறும்போது கண்ணாடிபோல் இறுகி, உடைத்தால் நொறுங்கும் நிலையை அடைகிறது. அந்நிலையை எட்டிய இனிப்பைக் காற்றுப் புகாமல் உடனே அடைத்துவிட்டால், வெளியே மழை எத்தனை நாள் பெய்தாலும் உள்ளிருப்பது மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும். செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியங்கள் தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்டு கட்டப்பட்டிருப்பதைப் பார்ப்போர், தானியத்தைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பிரித்து வைப்பதில் அக்காலத்தார் எவ்வளவு அக்கறை காட்டினர் என்பதை அறிவர். ஒரு பாட்டில் இனிப்பிலும் செய்ய வேண்டியது அதே பிரிப்புதான்.

எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது

பரிசுக்கெனத் தேர்ந்தெடுக்கும் இனிப்பு, தயாரிக்கும் நாளுக்கும் உண்ணும் நாளுக்கும் இடையே குறைந்தது பத்து நாள் தாங்க வேண்டும். ஏனெனில் பண்டிகைக் காலத்தில் ஒவ்வொருவர் மேசையிலும் இனிப்பு குவிகிறது, கொடுத்த அன்றே யாரும் திறப்பதில்லை. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தேங்காய் பர்பி முதலில் விலக்கப்படும். தேங்காயின் ஈரம் அதை இரண்டொரு நாளில் சிக்கடிக்கச் செய்துவிடும். பால்கோவா, பால் சேர்ந்த பர்பிகள் குளிர்சாதனப் பெட்டியின்றி நில்லா. பொரி உருண்டை பார்வைக்கு அழகானது, கார்த்திகை தீபத்துக்கு உரியது, எனினும் பொரியின் துளைகள் ஈரத்தை ஒரே இரவில் வாங்கிக்கொள்வதால் ஐப்பசிப் பரிசுக்கு ஏற்றதன்று. மைசூர்பாகு நிற்கும், ஆனால் அதன் நெய் கண்ணாடியில் படிந்து, பாட்டிலின் அழகைக் கெடுத்துவிடுகிறது.

எஞ்சுபவை எள்ளுருண்டை, மல்லாட்டை உருண்டை, பொருள்விளங்கா உருண்டை ஆகியவை. இவற்றுள் நீண்ட நாள் நிற்பது பொருள்விளங்கா உருண்டையே. அரிசியையும் பாசிப்பருப்பையும் தனித்தனியே சிவக்க வறுத்து, பொட்டுக்கடலையோடு சேர்த்து அரைத்த மாவில், சுக்கும் ஏலமும் கலந்து, முற்றிய வெல்லப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பிடிக்கும் அவ்வுருண்டை கல்போல் இறுகுவது. பழக்கமில்லாதவர் பல்லுக்கு அது சோதனையாக இருக்கும் என்பதால், அலுவலகத்தில் கொடுக்க விரும்புவோர் அதைச் சுண்டைக்காய் அளவில் பிடிப்பது உகந்தது. எள் விலை மிகுந்தது, மண் நீக்கக் கழுவிக் காயவைக்க வெயில் தேவைப்படுவது. ஆகவே இவ்வட்டாரத்தில் பரிசு செய்வோருக்கு இயல்பாக அமைவது மல்லாட்டை உருண்டையே.

மல்லாட்டை என்றும் மணிலா என்றும் இப்பகுதியில் வழங்கும் நிலக்கடலை, செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் தலைமுறைகளாகப் பயிராவது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த டி.எம்.வி. வரிசை ரகங்கள் மாநிலத்துக்கு வெளியேயும் பரவியவை. ஆடியில் விதைத்த காய் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் அறுவடையாகிறது. புதுக் காய் கைக்குக் கிடைக்கும் நேரமும் பரிசு செய்யும் நேரமும் ஒன்றி வருகின்றன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கடலைமிட்டாய் என்றாலே கரிசல் நிலத்தை நினைப்பது பொது வழக்கமாகிவிட்டது. செஞ்சிச் சீமையின் கடலையும் அதற்குக் குறைந்ததன்று. அதை நல்ல பாட்டிலில் போட்டு நாலு பேர் கையில் கொடுப்பதற்கு இவ்வூரார் தயங்கத் தேவையில்லை.

உருண்டை பிடித்தல்

புதுக் கடலையில் ஓர் எச்சரிக்கை உண்டு. சரியாகக் காயாத கடலையில் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் எனப்படும் நச்சை உண்டாக்கும். கல்லீரலுக்குத் தீங்கு செய்யும் இந்நச்சு வறுப்பதால் முழுதும் நீங்குவதில்லை. காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு உருளும் ஒலி கேட்கும் அளவுக்குக் காய்ந்த கடலையையே வாங்க வேண்டும். உரித்த பின் சுருங்கியவை, கறுத்தவை, பச்சையும் மஞ்சளுமாகப் பூத்தவை, முளைவிட்டவை ஆகியவற்றை முறத்திலிட்டுப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பிறர் வீட்டுக் குழந்தைகள் உண்ணப் போகும் பொருளில் இந்தப் பொறுக்கும் வேலையைச் சுருக்கிக்கொள்ளலாகாது. மொத்த உழைப்பில் மிகச் சலிப்பூட்டுவது இதுவே, மிக இன்றியமையாததும் இதுவே.

வெல்லத்தில் நிறம் பார்த்து ஏமாறுதல் கூடாது. பளிச்சென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ஹைட்ராஸ் போன்ற வெளுப்பான்கள் சேர்ந்ததாக இருக்கும். கரும்பழுப்பு நிறமுள்ள உருண்டை வெல்லமே பாகுக்கு நம்பகமானது. உப்புக் கரிக்கும் வெல்லம் விரைவில் நீர்த்துவிடும் என்பதால், வாங்கும்போது ஒரு துணுக்கைச் சுவைத்துப் பார்ப்பது பயன்தரும்.

200 கிராம் கொள்ளும் நான்கு பாட்டில்களை நிரப்ப, வறுத்துத் தோல் நீக்கிய கடலை 500 கிராமும் பொடித்த வெல்லம் 300 கிராமும் வேண்டும். இதனுடன் சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டியும் ஏலப்பொடி அரைத் தேக்கரண்டியும் போதும். கடலையை அடிகனத்த வாணலியில் மிதமான தீயில் வறுக்க வேண்டும். மணலில் வறுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிவக்கும். ஆறியதும் கையால் தேய்த்துத் தோலைப் புடைத்து, பருப்பை இரண்டாக உடைத்துக்கொண்டால் உருண்டை இறுக்கமாகப் பிடிபடும். வெல்லத்தை ஒரு சிறு டம்ளர் நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி மண் நீக்கி, மீண்டும் அடுப்பேற்ற வேண்டும்.

பாகின் பதம்தான் இங்கே எல்லாம். விரலிடையே நூல்போல் இழுபடும் கம்பிப் பதம் இவ்வேலைக்குப் போதாது. அப்பதத்தில் பாகில் ஐந்தில் ஒரு பங்கு நீர் இன்னும் எஞ்சியிருக்கிறது. சிறிது பாகைக் கிண்ணத்து நீரில் விட்டு உருட்டினால் திரள வேண்டும். அவ்வுருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கும் அந்தக் கணமே அடுப்பை அணைக்க வேண்டிய கணம். வெப்பமானி வைத்திருப்போர் 130 டிகிரி செல்சியசைத் தாண்டிய அளவில் இதைக் காண்பர். அப்போது நீரின் பங்கு நூற்றுக்கு ஐந்தை ஒட்டிக் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் சற்று முன்பே இறக்கினாலும் உருண்டை நிற்கும், மழைக்காலத்தில் அவ்வாறு இறக்கியவை மூன்றாம் நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு பாகு பூத்துப்போவதைத் தடுக்கும் என்று சிலர் சேர்ப்பதுண்டு. அதன் புளிப்பு சுக்ரோசை மேலும் உடைத்து ஈரம் உறிஞ்சும் சர்க்கரைகளைப் பெருக்குவதால், ஐப்பசியில் அதைத் தவிர்ப்பதே சரி.

சுக்கு, ஏலம், கடலை மூன்றையும் பாகில் கொட்டிக் கிளறி, சூடு பொறுக்கும் நிலைக்கு வந்தவுடன் கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு நெல்லிக்காய் அளவில் பிடிக்க வேண்டும். தண்ணீர் தொட்டுப் பிடிப்பது எளிது. ஆனால் காய்ச்சி வெளியேற்றிய நீரை அது மீண்டும் உள்ளே கொண்டுவந்துவிடும். இறுகத் தொடங்கிய கலவையை வாணலியோடு மெல்லிய தீயில் அரை நிமிடம் காட்டினால் மறுபடி இளகும். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் ஒரு பிடிப்புக்கான கலவை ஆறுவதற்குள் முடிந்துவிடும். தனியே செய்வோர் மேற்சொன்ன அளவில் பாதியை மட்டும் ஒரு நேரத்தில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆறவைக்கும் நேரத்தைப் பற்றி இரண்டு தவறுகள் பரவலாக நிகழ்கின்றன. சூட்டோடு பாட்டிலில் போட்டு மூடினால், நீராவி உட்சுவரில் படிந்து சொட்டாகி உருண்டையிலேயே விழும். மாறாக, இரவு முழுவதும் தாம்பாளத்தில் பரப்பி வைத்தால், காற்றின் ஈரம் விடிவதற்குள் மேற்பரப்பை நனைத்துவிடும். அறையின் வெப்பநிலைக்கு வந்தவுடன், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில், அடைத்துவிடுவதே முறை. மழை விட்ட நாளின் நண்பகலில் காற்றின் ஈரம் தாழ்ந்திருக்கும். தீபாவளிக்கு நான்கைந்து நாள் முன்பாக அப்படி ஒரு பகலைத் தேர்ந்து வேலையை முடித்துக்கொள்ளலாம்.

பாட்டில்

தமிழ் வீடுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கி எறியும் வழக்கம் இருந்ததில்லை. பருப்பும் மிளகும் வைக்க அது பரணில் காத்திருந்தது. பெட்டிக்கடைகளின் வரிசையான மிட்டாய் பாட்டில்களும் இப்படித்தான் பிள்ளைகளின் கண்ணில் பதிந்தன. உள்ளிருக்கும் பண்டம் வெளியே தெரிவதே கண்ணாடியின் முதல் சிறப்பு. ஈரமும் மணமும் அதை ஊடுருவுவதில்லை என்பது இரண்டாவது. பிளாஸ்டிக் டப்பாக்களில் பெரும்பாலானவை இவ்விரண்டாம் பண்பில் கண்ணாடிக்கு ஈடாகா.

ஜாம், தேன், காப்பித்தூள் வந்த 300 முதல் 400 மில்லிலிட்டர் அளவுள்ள அகன்ற வாய்ப் பாட்டில்கள் பரிசுக்குப் பொருந்துபவை. நெல்லிக்காய் அளவு உருண்டை இவற்றில் ஏறத்தாழ 200 கிராம் கொள்ளும். கை நுழையாத குறுகிய வாயுள்ளவற்றை விட்டுவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட உருண்டையைக் கரண்டியால் குத்தி எடுக்கும் நிலை பரிசு பெற்றவருக்கு நேரக்கூடாது. மேலே ஒட்டிய லேபிளை நீக்க, சமையல் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து உரித்து, எஞ்சும் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பாத்திரம் துலக்கும் பொடியால் தேய்த்தால் போதும். ஊறுகாய் இருந்த பாட்டிலில் கண்ணாடியின் மணம் போய்விடும். மூடியின் உள்வளையம் மட்டும் அம்மணத்தை விடாது. அத்தகைய மூடியை மாற்ற முடியாவிட்டால் அப்பாட்டிலை இனிப்புக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல்.

கழுவிய பாட்டில்களை, அடியில் துணி விரித்த பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, நீரோடு சேர்த்தே சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். கொதிநீரில் திடீரென இட்டாலோ, சூடான பாட்டிலைக் குளிர்ந்த கல்மேடையில் வைத்தாலோ, கண்ணாடியின் ஒரு பகுதி விரிய மறுபகுதி விரியாமல் நின்று விரிசல் விழும். எடுத்த பாட்டிலைத் துணிமேல் கவிழ்த்து நீர் வடித்து, பிறகு நிமிர்த்தி வெயிலில் உலர்த்த வேண்டும்; வெயில் இல்லாத நாளில், அடுப்பை அணைத்த பின் அதன் அருகில் சூடு தணியும் வரை வைக்கலாம். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் இதுவரை பட்ட பாடு வீணாகும்.

நிரப்பும்போது உருண்டைகளை வாய் வரை அடுக்கி, மேலே வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரை வைத்து மூட வேண்டும். பாட்டிலில் வெற்றிடம் குறையக் குறைய உள்ளே அடைபடும் காற்றும் குறையும். ஆகவே பாதி நிரம்பிய பெரிய பாட்டிலைவிட நிறைந்த சிறிய பாட்டிலே நல்லது. சிலர் கடைப் பொருள்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை எடுத்து உள்ளே போடுகின்றனர். குழந்தைகள் அதைத் தின்பண்டம் என்று எண்ண இடமுண்டு என்பதால் அது வேண்டா.

தாள்

இனிப்பைத் தொடும் தாள் வேறு, பாட்டிலை அணி செய்யும் தாள் வேறு என்ற பிரிவை மறக்கலாகாது. உருண்டைகளைத் தனித்தனியே சுற்றவோ இடையே விரிக்கவோ பட்டர் பேப்பர் ஒன்றே ஏற்றது. செய்தித்தாளின் அச்சுமையில் ஈயம் முதலிய கன உலோகங்களும் கனிம எண்ணெய்களும் இருக்கக்கூடும். அவை எண்ணெய்ப்பசையுள்ள உணவில் எளிதாக இறங்குபவை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதிவு ஒழுங்குமுறைகள் செய்தித்தாளில் உணவு கட்டுவதைத் தடைசெய்துள்ளன. கிரேப் தாளின் சாயம் ஈரக் கை பட்டாலே இறங்கும் என்பதால், அதையும் மூடிக்கு வெளியே மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

பசையிலும் கவனம் தேவை. சுவரொட்டி ஒட்டுவோர் மைதாப் பசையில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது செம்பு சேர்ந்த நஞ்சு. பரிசு செய்வோர் ஒரு கரண்டி மைதாவை வெறும் நீரில் கரைத்துக் காய்ச்சி, அன்றே பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிடலாம்.

வெளித்தாளுக்குக் கடையில் வாங்கும் பளபளப்பு உறைகளை நாட வேண்டியதில்லை. சீயமங்கலத்தில் பார்த்துச் செய்ய ஓர் உருவம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. மகேந்திரவர்மன் காலக் குடைவரைத் தூண்கள் அடியிலும் தலையிலும் சதுரமாகவும் நடுவில் எட்டுப் பட்டையாகவும் செதுக்கப்பட்டவை. அந்த நடுப்பகுதியைத் தாளில் செய்தால், உருண்டையான பாட்டிலுக்கு உறுதியான எண்பட்டை உறை கிடைக்கும். பாட்டிலின் விட்டத்தை 0.414 ஆல் பெருக்கினால் ஒரு பட்டையின் அகலம் வரும். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலுக்கு அது 2.9 ஆகும், எளிதில் நுழைய 3 என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பட்டைக்கு 24 சென்டிமீட்டரும் ஒட்டும் மடிப்புக்கு ஒன்றரையும் சேர்ந்து 25.5 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஏ4 அளவுள்ள தடித்த தாளின் நீளம் 29.7, அகலம் 21 என்பதால், 10 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு உறைகளை ஒரே தாளில் வெட்டிவிடலாம். பழைய மாதநாட்காட்டித் தாளின் வெண்மையான பின்புறம் இதற்கு மிக நன்றாக அமையும். மடிக்கும் கோடுகளை மை தீர்ந்த பேனா முனையால் முதலில் அழுத்திக் கீறிக்கொண்டால் விளிம்புகள் கூர்மையாக வரும். இரண்டு பட்டைகளில் சாளரம்போல் வெட்டிவிட்டால் உள்ளிருக்கும் உருண்டைகள் தெரியும்.

அக்காலக் குடைவரைகள் பலவற்றில் தூணின் சதுரப் பகுதியில் தாமரைப் பதக்கம் இடம்பெறும். வட்டத் தாளை மும்முறை பாதியாக மடித்து, விளிம்பை வில்லாக வெட்டி விரித்தால் எட்டிதழ்த் தாமரை மலரும். அதை மூடியின்மேல் ஒட்டலாம். வந்தவாசிப் பகுதியில் பாய் நெய்வோரிடம் நறுக்கி ஒதுக்கிய கோரை கிடைக்கும். அதைச் சிறிது நேரம் நனைத்துத் துவளவைத்து, பாட்டிலின் கழுத்தில் இரு சுற்றுச் சுற்றி முடிந்து, நன்கு உலர்ந்த பின் கொடுத்தால், பளபளப்பு நாடாவில் இல்லாத ஓர் அமைதி அதில் தெரியும்.

ஹாலோவீனுக்காகச் செய்வோர் செம்மஞ்சள் தாளை விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, பாட்டிலின் கழுத்திலும் அடியிலும் ஒட்டி, நடுவில் புடைக்க விட்டால் பரங்கிக்காய் வடிவம் கிடைக்கும். அதில் கறுப்புத் தாளில் கண்ணும் பல்லும் வெட்டி ஒட்டுவது அவ்வழக்கம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கேற்றி வைத்தனர். அம்மக்கள் அமெரிக்காவில் குடியேறிய பின்னரே அவ்விடத்தைப் பரங்கிக்காய் பிடித்தது. தமிழ்நாட்டாருக்கு இந்த முகம் புதிதன்று. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன் தொங்கும் திருஷ்டிப் பூசணியில் பிதுங்கிய கண்ணும் முறுக்கு மீசையும் கோரைப்பல்லும் வரைந்து பழகிய கைக்கு, பரங்கித் தாளில் முகம் வரைவது கடினமாகாது. வெளிநாட்டு அலுவலகத்தில் உள்ளோர் அந்த மீசையையே வரைந்து கொடுக்கலாம். அந்நாட்டு முகத்தை நகலெடுப்பதைவிட அது பொருத்தமாகவும் இருக்கும், உரையாடலுக்கும் வழிவகுக்கும்.

தரும் முறை

வீட்டில் செய்த இனிப்பை ஏற்பதற்கு நம்பிக்கை வேண்டும். 1982-இல் சிகாகோ பகுதியில் தலைவலி மாத்திரைக் குப்பிகளில் யாரோ நஞ்சு கலந்ததில் ஏழு பேர் இறந்தனர். அதன்பின் அமெரிக்காவில் ஹாலோவீன் இனிப்புகளைப் பற்றிய அச்சம் பெருகி, ஆலையில் உறையிட்ட மிட்டாயையே பெற்றோர் நம்பினர். முன்பின் அறியாதோர் குழந்தைகளுக்கு நஞ்சூட்டிய நிகழ்ச்சி என்று உறுதிசெய்யத்தக்கது ஏறக்குறைய எதுவுமில்லை என்று சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் ஆராய்ந்து காட்டியும் அந்த அச்சம் முற்றிலும் மறையவில்லை. செய்தவரை நாள்தோறும் நேரில் காணும் பணியிடத்தில் அத்தகைய அச்சத்துக்கு இடம் குறைவு. அந்நம்பிக்கையைக் காப்பது பாட்டிலில் ஒட்டும் சிறு சீட்டு. இனிப்பின் பெயர், சேர்ந்த பொருள்கள், செய்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். மல்லாட்டை உருண்டைக்குச் செய்த நாளிலிருந்து பதினைந்து நாள் எனக் குறிப்பது பாதுகாப்பானது. ‘நிலக்கடலை உள்ளது’ என்ற தொடரைத் தனி வரியில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கடலை ஒவ்வாமை உள்ளோருக்கு ஒரு துண்டே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். அத்தகையோருக்கு எள்ளுருண்டையை மாற்றாகத் தருவதும் பாதுகாப்பன்று. எள்ளும் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளே, தவிர ஒரே வாணலியில் வறுத்தவற்றில் கடலைத் துகள் கலந்திருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு வெல்லமும் சர்க்கரையே என்பதால், அவருக்குரிய பாட்டிலில் உப்பும் மிளகும் சேர்த்து வறுத்த கடலையை நிரப்பி, உறையை மட்டும் மற்றவர்களுக்கு உள்ளதுபோலவே செய்து கொடுப்பது பண்பாகும்.

எல்லோருக்கும் ஒரே அளவு என்ற ஆயுதபூஜைப் பொட்டலத்தின் முறையே இங்கும் பின்பற்றத்தக்கது. மேலதிகாரிக்குப் பெரிய பாட்டிலும் துப்புரவுப் பணியாளருக்கு மிச்சமும் என்று பிரித்தால், அது பரிசு என்ற நிலையிலிருந்து இறங்கிவிடுகிறது. அரசு அலுவலகங்களில் 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பரிசு பெறுவதற்கு வரம்பு இடுகின்றன. உடன் பணியாற்றுவோரிடையே சிறு இனிப்புப் பரிமாற்றத்தோடு நிறுத்திக்கொள்வதும், அலுவலகத்தில் காரியம் வேண்டி வருவோரிடமிருந்து எதையும் வாங்காதிருப்பதும் இவ்விதிகளின் நோக்கத்தோடு இசைந்தவை. கேட்போர் பெருகி, செய்பவர் விலைக்குக் கொடுக்க முற்பட்டால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தொழிற்சாலைக்குச் செல்வோர் கண்ணாடியைத் தவிர்ப்பது நலம்; இயந்திரங்கள் ஓடும் தளத்தில் உடையும் பொருளுக்கு இடமில்லை, உள்ளே கொண்டுசெல்ல வாயிலில் அனுமதியும் கிடைப்பதில்லை. அவர்கள் உருண்டைகளைத் தனித்தனியே பட்டர் பேப்பரில் முறுக்கி, மேற்சொன்ன எண்பட்டை உறைக்கு அடியும் மூடியும் வைத்துப் பெட்டியாக்கிக்கொள்ளலாம். தாள் பெட்டி ஈரத்தைத் தடுக்காது. வீட்டில் பெரிய பாட்டிலில் அடைத்து வைத்திருந்து, கொடுக்கும் நாள் காலையில் பெட்டிக்கு மாற்றி, அன்றோ மறுநாளோ உண்டுவிடும்படி சீட்டில் எழுத வேண்டும். பேருந்தில் பாட்டில்களைக் கொண்டுசெல்வோருக்குக் கனத்த துணிப்பை போதும். உணவைத் தொடக்கூடாத செய்தித்தாள் இங்கே உதவும்: ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு தாளில் சுற்றி, நிமிர்ந்த நிலையில் நெருக்கமாக அடுக்கி, பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.